பாரிஸ் மியூசியம் பாஸ்: எதை முதல்ல செய்யணும், எதைக் கடைசில செய்யணும் (முழுமையான வழிகாட்டி)

பாரிஸ் வர்ற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஃப்ளைட் போட்டதும் ஹோட்டல், ஹோட்டல் போட்டதும் மியூசியம் பாஸ்னு வாங்கி வச்சிடுறாங்க, எந்த இடத்துக்கு என்னைக்குப் போறதுங்குறதை இங்க வந்து இறங்கினதுக்கு அப்புறம்தான் யோசிக்கிறாங்க. அதுக்குள்ள லூவ்ர் மியூசியத்துல அந்த வாரத்துக்கு ஸ்லாட்டே (உள்ள போக முன்பதிவு பண்ற நேரம்) இருக்காது. கையில பாஸ் இருந்தும் கண்ணாடிப் பிரமிடு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுத் திரும்புறவங்களைப் பாக்குறப்ப மனசுக்குக் கஷ்டமா இருக்கும், ஏன்னா வேலைகளோட வரிசையை மாத்தியிருந்தாலே உள்ள போயிருக்கலாம்.

அந்த வரிசையைத்தான் இங்க சொல்றேன். இடம், மூடுற நாள், ஸ்லாட், அதுக்கு அப்புறம்தான் பாஸ்.

1. பாஸ்ல என்ன இருக்கு, என்ன இல்ல

ஒரே டிக்கெட்ல பல இடத்துக்குள்ள போக விடுற இந்தப் பாஸ் 48 மணி நேரம், 96 மணி நேரம், 144 மணி நேரம்னு மூணு வகைல வருது. பாரிஸ்லயும் சுத்துவட்டாரத்துலயும் 50க்கு மேல மியூசியம், அரண்மனை, நினைவுச்சின்னம் இதுல அடங்கும். லூவ்ர், ஓர்சே, ஒராஞ்செரி, சாந்த் ஷாப்பேல், கோன்சியெர்ஜெரி, ஆர்க் த ட்ரியோம்ஃப், பாந்தியோன், ரோதான், பிக்காசோ, நெப்போலியன் சமாதி இருக்குற அன்வாலீத், ஊருக்கு வெளிய வெர்சாய், ஃபோந்தென்ப்ளோ, ஷாந்தியீ எல்லாம் உண்டு.

இல்லாததுதான் முக்கியம். ஐஃபில் டவர் இதுல கிடையாது. சேன் நதி படகு, காட்டகோம்ப் எலும்புச் சுரங்கம், கார்னியே ஓப்பரா இதுவும் கிடையாது. மெட்ரோ, பஸ் எதுவும் கிடையாது. "எல்லாம் அடக்கம்னு நினைச்சேன்"னு மெட்ரோ கேட்ல பாஸைக் காட்டி நிக்கிறவங்களை இன்னைக்கும் பாக்கலாம், அதனால இதை முதல் படியாவே வச்சேன்.

இன்னொரு விதி, ஒரு இடத்துக்கு ஒரே தடவைதான் நுழையலாம். காலைல லூவ்ர்ல பாதி பாத்துட்டு வெளிய போய்ச் சாப்பிட்டு வந்து மீதியைப் பாக்கலாம்னு திட்டம் போடாதீங்க, வெளிய வந்தா முடிஞ்சது.

2. உங்களுக்குப் பாஸ் வேணுமாங்குறதைக் கணக்குப் போட்டுப் பாருங்க

முதல்ல பசங்க. 18 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டா இருந்தாலும், லூவ்ர், ஓர்சே, வெர்சாய் மாதிரி முக்கியமான இடங்கள்ல அனுமதி இலவசம். அதனால பசங்களுக்குப் பாஸ் வாங்கவே வேண்டாம். நாலு பேர் குடும்பம்னா நாலு பாஸ்னு யோசிக்காம வாங்கிடுறாங்க, அதுல ரெண்டு பாஸ் காசு வீண்.

அடுத்து மாணவர்கள். ஜெர்மனிலயோ பிரான்ஸ்லயோ ரெசிடென்ஸ் பர்மிட்டோட படிக்கிற, 26 வயசு ஆகாத ஆளா இருந்தா, இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்தாலும் லூவ்ர்லயும் ஓர்சேலயும் இலவசமா போகலாம். சாந்த் ஷாப்பேல், பாந்தியோன் மாதிரி நினைவுச்சின்னங்கள்ல இந்த விதியோட வாசகம் கொஞ்சம் மாறும், அதனால ஒவ்வொரு இடத்தோட சைட்டையும் தனித்தனியா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. ரெசிடென்ஸ் கார்டைக் கையில வச்சிருக்கணும், ரூம்ல வச்சிட்டு வந்தா பயன் இல்ல.

மத்தவங்க ஒரு பேப்பரை எடுத்து, நிச்சயமா போகப்போற இடங்களை மட்டும் எழுதி, பக்கத்துல அந்தந்த இடத்தோட சொந்த சைட்ல இருக்குற தனி டிக்கெட் விலையை எழுதுங்க. இங்க ஒரு விஷயம் புதுசா மாறியிருக்கு. 2026 ஜனவரிலேந்து லூவ்ர்ல ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேராதவங்களுக்கு 32 யூரோ, அந்தப் பகுதிக்காரங்களுக்கு 22 யூரோ. சென்னைலேந்து வர்றவங்களுக்கு மட்டும் இல்ல, லண்டன், டொரொண்டோலேந்து வர்ற நம்ம சொந்தக்காரங்களுக்கும் 32தான். பழைய வீடியோக்கள்ல சொல்ற விலையை வச்சுக் கணக்குப் போட்டா தப்பா வரும்.

மொத்தத்தைக் கூட்டிப் பாஸ் விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. என்னோட அபிப்பிராயம் என்னன்னா, 48 மணி நேரத்துல லூவ்ரும் வெர்சாயும் உங்க லிஸ்ட்ல இருந்து, கூட இன்னும் ரெண்டு இடமாவது இருந்தாத்தான் பாஸ். லூவ்ர் மட்டும் பாத்தா போதும், மிச்ச நேரம் ஊர் சுத்துறோம்னா தனி டிக்கெட்தான் சரி. "பாஸ் வாங்கிட்டோமே"னு பிடிக்காத மியூசியத்துக்கெல்லாம் ஓடி ஓடிப் போய்க் கால்வலியோட ரூமுக்குத் திரும்புறது சுற்றுலாவே இல்ல.

3. மூடுற நாளைக் காலண்டர்ல குறிங்க

ஸ்லாட் பாக்குறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும், ஏன்னா உங்க பயணத் தேதில எந்த நாள் எதுக்கு உதவாதுன்னு தெரிஞ்சாத்தான் மிச்சத்தை அடுக்க முடியும்.

செவ்வாய்க்கிழமை லூவ்ர் லீவு. ஒராஞ்செரி, கிமே மியூசியமும் செவ்வாய் லீவு. திங்கட்கிழமை ஓர்சே, வெர்சாய், ரோதான், பிக்காசோ லீவு. ஆர்க் த ட்ரியோம்ஃப், சாந்த் ஷாப்பேல், பாந்தியோன் சில விடுமுறை நாள் தவிர வாரம் பூரா திறந்திருக்கும்.

இதுலேந்து ரெண்டு விஷயம் புரியும். திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் மட்டும் பாரிஸ்ல இருக்குறவங்களுக்கு 48 மணி நேரப் பாஸ் ரொம்ப மெலிஞ்சு போயிடும். அப்புறம் செவ்வாய்க்கிழமை லூவ்ர் மூடியிருக்குறதால கூட்டம் அப்படியே வெர்சாய் பக்கம் திரும்பிடும், அன்னைக்கு வெர்சாய் போறதைத் தவிர்க்க முடிஞ்சா தவிர்த்துடுங்க. புதன், வியாழன் நல்ல நாள்.

சாயங்காலம் லேட்டா மூடுற நாட்களையும் அதே காலண்டர்ல குறிச்சுக்கோங்க. லூவ்ர் புதனும் வெள்ளியும் ராத்திரி 9 மணி வரைக்கும். ஓர்சே வியாழக்கிழமை ராத்திரி 9:45 வரைக்கும். இந்த ராத்திரி நேரம்தான் பாஸோட முழுப் பலனையும் வாங்கித் தரும், எப்படின்னு அஞ்சாவது படில சொல்றேன்.

4. ஸ்லாட் இருக்கான்னு பாருங்க, இன்னும் காசு கட்டாதீங்க

பாஸ் வச்சிருந்தாலும் நேரம் முன்பதிவு பண்ணித்தான் போகணும்னு சொல்ற இடங்கள்ல முக்கியமானது நாலு. லூவ்ர், வெர்சாய் அரண்மனை, சாந்த் ஷாப்பேல், ஒராஞ்செரி. மத்த இடங்கள் பலதுல பாஸைக் காட்டினா நேரா உள்ள விடுவாங்க.

நாலு இடத்துக்கும் அவங்கவங்க சொந்த டிக்கெட் சைட்டுக்குப் போய், பாஸ் வச்சிருக்குறவங்களுக்கான வகையைத் தேடுங்க, விலை பூஜ்யம் யூரோன்னு காட்டும். அதைத் தொட்டா காலண்டர் திறக்கும். சாதாரண டிக்கெட்டுக்கு நேரம் இருக்குறதாலேயே பாஸ்காரங்களுக்கும் இருக்கும்னு நினைக்காதீங்க, அந்த வகையோட காலண்டரையேதான் பாக்கணும்.

வரிசை: முதல்ல லூவ்ர், ரெண்டாவது சாந்த் ஷாப்பேல், மூணாவது வெர்சாய், கடைசில ஒராஞ்செரி. லூவ்ர் ஏன் முதல்லன்னா அதுல இடம் கிடைக்கலைன்னா உங்க கணக்கே மாறிடும், பாஸே வேண்டாம்னு கூட ஆகலாம். சாந்த் ஷாப்பேல் ஏன் ரெண்டாவதுன்னா அது சின்ன இடம், ஒரு நேரத்துல உள்ள விடுற ஆள் எண்ணிக்கை கம்மி.

ஏப்ரல்லேந்து அக்டோபர் வரைக்கும் வர்றவங்க தேதி முடிவானதுமே இதைப் பாத்துடணும். நாலுலயும் உங்களுக்கு ஒத்துவர்ற நேரம் கண்ணுல பட்டாத்தான் அடுத்த படிக்குப் போகணும். வாங்கின பாஸைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க முடியாது, அதனாலதான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்றேன்.

5. மணி நேரக் கணக்கைப் புரிஞ்சுக்கோங்க, எல்லாமே இதுலதான் இருக்கு

48 மணி நேரம்னா ரெண்டு நாள்னு எல்லாரும் எடுத்துக்குறாங்க. அப்படி இல்ல. முதல் இடத்துல உங்க பாஸை ஸ்கேன் பண்ற நிமிஷத்துலேந்து 48 மணி நேரம் ஓடும். வாங்கின தேதிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நீங்க ராத்திரி தூங்குற நேரமும் ஓடிக்கிட்டுதான் இருக்கும்.

இப்ப யோசிங்க. புதன்கிழமை காலைல 9 மணிக்கு ஆரம்பிச்சா வெள்ளிக்கிழமை காலைல 9 மணிக்கு முடிஞ்சிடும், அந்த நேரத்துக்கு முன்னாடி பெரும்பாலான இடம் திறக்கவே திறக்காது. அதாவது உங்களுக்குக் கிடைச்சது ரெண்டு பகல். அதே பாஸைப் புதன்கிழமை மத்தியானம் 3 மணிக்கு ஆரம்பிச்சா வெள்ளிக்கிழமை மத்தியானம் 3 மணி வரைக்கும் வரும், நடுவுல புதன் ராத்திரி 9 வரைக்கும் லூவ்ர், வியாழன் முழுப் பகல், வியாழன் ராத்திரி ஓர்சே, வெள்ளிக்கிழமை காலைப் பொழுது முழுசா கிடைக்கும். அதே காசு, ஆனா மூணு காலண்டர் நாளைத் தொட்டுடுது.

அதனால பாஸை மத்தியானத்துல ஆரம்பிங்க. அதுவும் ராத்திரி லேட்டா மூடுற நாள்ல ஆரம்பிங்க. அன்னைக்குக் காலைல பாஸ் தேவைப்படாத இடங்களைப் பாத்துக்கலாம், 2024 டிசம்பர்ல திரும்பத் திறந்த நோத்ர் தாம் கதீட்ரல் இருக்கு, உள்ள போக டிக்கெட்டே கிடையாது.

இதுல நடக்குற பெரிய தப்பு, வந்து இறங்கின அன்னைக்குச் சாயங்காலம் 5 மணிக்கு ஏதோ சின்ன மியூசியம் பக்கத்துல இருக்குன்னு உள்ள போய் பாஸைத் தொடங்கி விட்டுடுறது. அரை மணி நேரம் பாத்துட்டு வெளிய வந்திருப்பாங்க, ஆனா கடிகாரம் ஓட ஆரம்பிச்சிருக்கும், கடைசி நாள் போட்டு வச்ச ஸ்லாட் பாஸ் முடிஞ்ச அப்புறம் போய் விழும். முதல் ஸ்கேன் எங்க, எத்தனை மணிக்குன்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கு முன்னாடி பாஸை வெளியவே எடுக்காதீங்க.

6. இப்ப பாஸ் வாங்குங்க, அதே உட்கார்வுல ஸ்லாட் போடுங்க

பாஸோட அதிகாரபூர்வ சைட்லயே வாங்கினா போதும். வேற வேற கம்பெனிங்க இதையே படகு சவாரி, ஆடியோ கைடுன்னு ஏதாவது சேத்து விலை ஏத்தி விக்கிறாங்க, பேரும் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரியே இருக்கும், நிதானமா படிச்சுப் பாருங்க.

போன்ல வச்சுக்குற டிஜிட்டல் பாஸ் வசதி. ஒரு ஆளுக்கு ஒரு பாஸ், ஒரு பேர், ஒரு க்யூஆர் கோட். பேர் போடுறப்ப பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. நம்ம ஊர்ல இனிஷியல் வச்சு எழுதிப் பழகியிருப்போம், அப்பா பேர் சர்நேம் இடத்துல போய் உக்காந்திருக்கும், வாசல்ல அடையாளம் கேட்டா பாஸ்லயும் பாஸ்போர்ட்லயும் பேர் ஒத்துப் போகணும்.

வாங்கின மெயில் வந்த உடனேயே, எழுந்து போகாம, நாலாவது படில பாத்து வச்ச நேரங்களை முன்பதிவு பண்ணிடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா அந்த நேரம் போயிடலாம்.

பசங்களுக்குப் பாஸ் வேண்டாம்னு சொன்னேன், ஆனா ஸ்லாட் வேணும். லூவ்ர்ல 18 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கான இலவச டிக்கெட்டை, பெரியவங்க எடுத்த அதே நேரத்துக்கு எடுங்க. அப்பா அம்மாவுக்கு மட்டும் போட்டுட்டுப் பசங்களை விட்டுடுறது ரொம்பச் சகஜமா நடக்குது, வாசல்ல வந்து நிக்கிறப்பதான் தெரியும்.

எல்லா க்யூஆர் கோடையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு ஆல்பத்துல போடுங்க, இன்னொரு ஆள் போன்லயும் வைங்க. வாசல்ல நெட் இழுக்காம தடவிக்கிட்டு நின்னா பின்னாடி இருக்குறவங்க முந்திடுவாங்க. பவர் பேங்க் கண்டிப்பா வேணும்.

7. மெட்ரோ செலவு தனி, அதையும் முன்னாடியே முடிவு பண்ணுங்க

2025 ஜனவரில பாரிஸ் போக்குவரத்து டிக்கெட்டை எளிமையாக்கிட்டாங்க. மெட்ரோ, புறநகருக்குப் போற ஆர்ஈஆர் ரயில் எல்லாத்துக்கும் தூரம் பாக்காம ஒரே டிக்கெட், அப்ப 2.50 யூரோன்னு வச்சாங்க, வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும். வெர்சாய் போறதுக்கும் இப்ப இதே டிக்கெட்தான். ஏர்போர்ட்டுக்கு மட்டும் தனி டிக்கெட், அது அப்ப 13 யூரோ. பஸ்ஸுக்கு வேற டிக்கெட், மெட்ரோல வந்து இறங்கி அதே டிக்கெட்ல பஸ் ஏற முடியாது.

நாவிகோ ஈஸின்னு 2 யூரோ கார்டு, அதுல டிக்கெட் ஏத்திக்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, ஒரே கார்டைத் தட்டி குடும்பமே உள்ள போக முடியாது. வெளிய வர்ற வரைக்கும் கார்டைப் பத்திரமா வைங்க, உள்ளயே நின்னு செக் பண்ணுவாங்க, அபராதம் அங்கயே கட்டணும்.

ஏர்போர்ட் போக வர ரெண்டு தடவை, வெர்சாய் ஒரு தடவை, ஊருக்குள்ள தினம் மூணு நாலு தடவைன்னு கூட்டினா நாவிகோ வாரப் பாஸ் பெரும்பாலும் லாபமா வரும். ஆனா அது திங்கள்லேந்து ஞாயிறு வரைக்கும்தான் செல்லும், நீங்க வாங்குற நாள்லேந்து ஏழு நாள் இல்ல. அந்த வாரத்துக்கானதை வியாழக்கிழமை வரைக்கும்தான் விப்பாங்க. 5 யூரோ நாவிகோ தேகூவேர்த் கார்டும் ஒரு சின்ன போட்டோவும் வேணும், போட்டோவை ஊர்லேந்தே எடுத்துட்டு வந்துடுங்க.

8. புதன் மத்தியானத்துலேந்து வெள்ளி மத்தியானம் வரைக்கும் ஒரு திட்டம்

முதல் தடவை வர்றவங்களுக்கு இந்த அடுக்குதான் நான் போட்டுக் கொடுக்குறது.

புதன் காலைல பாஸைத் தொடாதீங்க. நோத்ர் தாம் பாத்துட்டு, மெட்ரோ பிடிச்சு கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்குற லா ஷாப்பேல் பக்கம் போய் மத்தியானச் சாப்பாட்டை முடிச்சிடுங்க. தெரு பூரா ஈழத்தமிழர் கடைங்க, சோறு கறி, தோசை, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும், அடுத்து ஆறு மணி நேரம் நிக்கப்போறீங்க, வயிறு நிறைஞ்சிருக்கணும்.

3 மணிக்கு லூவ்ர் ஸ்லாட். மெட்ரோல லூவ்ர் ரிவோலின்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு, பேரைப் பாத்து அங்க இறங்கிடாதீங்க, பாலே ருவாயால் மியூசே து லூவ்ர்ங்குற ஸ்டேஷன்தான் பக்கம், 1ம் 7ம் லைன் ரெண்டும் அங்க நிக்கும். 2:30க்கே வரிசைல நின்னுடுங்க.

லூவ்ர் கட்டடம் தெனோன், ரிஷெலியூ, சுல்லின்னு மூணு பகுதி. உள்ள போனதும் கூட்டம் மொத்தமும் மோனா லிசாவைத் தேடி தெனோன் பக்கம் ஓடும், நீங்க எதிர்த்திசைல ரிஷெலியூ பக்கம் போங்க. ஹம்முராபி சட்டக் கல், அசீரிய அரண்மனைல இருந்த சிறகு முளைச்ச காளைகள் எல்லாம் அங்கதான், நிம்மதியா நின்னு பாக்கலாம். அப்படியே சுல்லி பக்கம் வந்து வீனஸ் சிலை. 7 மணிக்கு மேல தெனோன் பக்கம் போனா மோனா லிசா கிட்ட கூட்டம் மத்தியானத்தைவிடக் கண்டிப்பா தளர்ந்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே லூவ்ரை ராத்திரி நாள்ல வச்சேன்.

வியாழன் காலைல வெர்சாய், முதல் ஸ்லாட் 9 மணி. ஆர்ஈஆர் சி லைன், சேன் மிஷேல்லேந்து ஏறலாம். இந்த லைன் பல கிளையா பிரியும், வெர்சாய்ங்குற பேர்ல வேற ஸ்டேஷனும் இருக்கு, போர்டுல வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ்னு இருக்குற வண்டில மட்டும் ஏறுங்க. கோடைல இந்த லைன்ல வேலை நடக்கும், முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை ஆப்ல பாத்துக்கோங்க.

வாசல்ல டிக்கெட் உள்ளவங்களுக்கான ஏ நுழைவாயில். அரண்மனையை முடிச்சிட்டுத் தோட்டத்து வழியா த்ரியானோன்ங்குற சின்ன அரண்மனைப் பகுதிக்குப் போங்க, அது மத்தியானம் 12 மணிக்குத்தான் திறக்கும், அதனால காலைல முதல்ல அங்க நடந்து போறது வீண் நடை. ஏப்ரல்லேந்து அக்டோபர் வரைக்கும் நீரூற்று, இசை நிகழ்ச்சி நடக்குற நாட்கள்ல தோட்டத்துக்குத் தனி டிக்கெட், பாஸ்ல அது வராது. நீங்க போற நாள் அப்படிப்பட்ட நாளான்னு வெர்சாய் சைட்ல பாத்துட்டுப் போங்க.

திரும்பி வர்றப்பதான் இந்தத் திட்டத்தோட அழகு. நீங்க ஏறுற அதே ஆர்ஈஆர் சி மியூசே தோர்சே ஸ்டேஷன்ல நிக்கும், மேல ஏறினா ஓர்சே வாசல். அதுக்கு முன்னாடி எங்கயாவது உக்காந்து ரெண்டு மணி நேரம் காலை ஆத்திக்கோங்க, அன்னைக்கு 9:45 வரைக்கும் திறந்திருக்கும்ல, அவசரமே இல்ல. உள்ள போனதும் லிஃப்ட்ல நேரா அஞ்சாவது மாடி, மோனே, ரெனுவார் எல்லாம் மேல. கால் களைக்காம இருக்குறப்ப அதைப் பாத்துட்டு மெல்ல மெல்ல கீழ இறங்கிடுங்க. கீழேந்து ஆரம்பிக்கிறவங்க மேல வர்றப்ப களைச்சுப் போயிருப்பாங்க, எதுக்காக வந்தாங்களோ அதையே சரியா பாக்க மாட்டாங்க.

வெள்ளி காலைல சாந்த் ஷாப்பேல், கிடைக்கிற முதல் நேரம். வெயில் அடிச்சா அந்தக் கண்ணாடி ஜன்னல்கள் எரியுற மாதிரி இருக்கும், அதை எழுத்துல சொல்ல முடியாது, பாத்தாத்தான் தெரியும். அடுத்த கட்டடம் கோன்சியெர்ஜெரி, மரி அந்துவானெத் ராணியை 1793ல தலை வெட்டுறதுக்கு முன்னாடி அடைச்சு வச்சிருந்த சிறை. அங்கேந்து பாலத்தைத் தாண்டி ஷாத்லே வந்து 1ம் நம்பர் மெட்ரோல ஷார்ல் த கோல் எத்துவால். ஆர்க் த ட்ரியோம்ஃப்புக்கு ரோட்டைக் குறுக்கே கடந்து போகக் கூடாது, சுத்தி வண்டி பறக்கும், அடில சுரங்கப்பாதை இருக்கு. மேல ஏற 284 படி. 2:30க்குள்ள ஸ்கேன் ஆகிடணும், 3 மணிக்குப் பாஸ் முடியுதுங்குறதால கடைசி நிமிஷம் வரைக்கும் இழுக்காதீங்க.

96 மணி நேரம் எடுக்குறவங்க இதோட ஒராஞ்செரி, ரோதான், கிமே சேத்துக்கலாம். கிமேயை நம்மவங்க யாரும் லிஸ்ட்ல வைக்கிறதில்லை, எனக்கு அது வருத்தம். தமிழ்நாட்டுலேந்து வந்த சோழர் கால வெண்கல நடராஜர் அங்க இருக்கார், கூட்டமே இல்லாத ஹால்ல கிட்டப் போய் நின்னு பாக்கலாம். 9ம் நம்பர் மெட்ரோ, இயேனா ஸ்டேஷன்.

9. வாசல்ல நடக்குற சிக்கல்கள்

பாஸ் டிக்கெட் வரிசையைத்தான் தவிர்க்கும், பாதுகாப்புச் சோதனை வரிசையை இல்ல. சாந்த் ஷாப்பேல் பழைய நீதிமன்ற வளாகத்துக்குள்ள இருக்குறதால அங்க சோதனை ஏர்போர்ட் மாதிரியே நடக்கும். பழம் வெட்டுற கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடி பாட்டில் இருந்தா பிரச்சினை. பசங்களுக்கு ஆப்பிள் நறுக்கக் கத்தி வச்சிருக்குற அம்மாமார் அன்னைக்கு மட்டும் ரூம்லயே வச்சிட்டு வாங்க.

பெட்டி. லூவ்ர்ல 55, 35, 20 சென்டிமீட்டர் அளவுக்கு மேல உள்ள பையை உள்ள விட மாட்டாங்க. ரயில்லேந்து இறங்கி நேரா சூட்கேஸோட வர்றது, செக் அவுட் பண்ணிட்டுப் பெட்டியோட வர்றது ரெண்டுமே நடக்காது. ஹோட்டல்லயே வச்சிட்டு வந்துடுங்க, பெரும்பாலும் வச்சுக்குவாங்க.

சாப்பாட்டு நேரம். இங்க பல ரெஸ்டாரண்ட்ல மத்தியானம் 12லேந்து 2 வரைக்கும்தான் சமையல், 3 மணிக்குப் பசிக்குதுன்னு போனா அடுப்பை அணைச்சிருப்பாங்க. ஸ்லாட்டைப் போடுறப்பவே சாப்பாட்டு நேரத்தையும் பக்கத்துல எழுதிடுங்க. தண்ணி கேட்டா காசு பாட்டில் கொண்டு வருவாங்க, "ஊன் கராஃப் தோ"ன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி ஜக்குல இலவசமா தருவாங்க.

கையெழுத்து வாங்குற பேப்பரோட வர்றவங்க, கைல கயிறு கட்ட வர்றவங்க கிட்ட நிக்காம நடந்துடுங்க, ஒருத்தர் பேசுறப்ப இன்னொருத்தர் பையைத் திறப்பாங்க. போன்லதான் உங்க பாஸ் மொத்தமும் இருக்குங்குறதை மறக்காதீங்க, பின் பாக்கெட்ல வைக்காதீங்க.

அப்புறம் வேலைநிறுத்தம். 2025 ஜூன் 16 அன்னைக்கு லூவ்ர் ஊழியர்கள் கூட்ட நெரிசலை எதிர்த்து வேலையை நிறுத்தினாங்க, வெளிய ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட்டோட நின்னாங்க. போற நாள் காலைல கிளம்புறதுக்கு முன்னாடி அந்த இடத்தோட சைட்டைத் திறந்து முதல் பக்கத்துல அறிவிப்பு ஏதாவது இருக்கான்னு பாருங்க. "க்ரேவ்"னு இருந்தா வேலைநிறுத்தம். அப்படி ஆச்சுன்னா, முதல் ஸ்கேன் இன்னும் ஆகலைன்னா, பாஸைத் தொடாம அன்னைக்குத் திட்டத்தையே தள்ளி வைங்க. ஸ்கேன் ஆயிடுச்சுன்னா ஸ்லாட் கேக்காத ரோதான், பாந்தியோன், அன்வாலீத் பக்கம் உடனே திரும்பிடுங்க, நேரம் ஓடிக்கிட்டே இருக்கு.

10. பாஸ் முடிஞ்ச அப்புறம்

வெள்ளி மத்தியானம் 3 மணிக்கு மேல காசு இல்லாத இடங்களுக்கு வாங்க. பாரிஸ் மாநகராட்சி நடத்துற மியூசியங்கள்ல நிரந்தரக் காட்சி இலவசம், ஊரோட கதையைச் சொல்ற கார்னவாலே, ஆர்க்லேந்து ஷான்ஸ் எலிசே வழியா நடந்தே போயிடக்கூடிய பெத்தி பாலே ரெண்டும் அதுல உண்டு. மோன்மார்த்ர் மேல சாக்ரே கேர் தேவாலயமும் இலவசம், கோபுரம் ஏறத்தான் காசு.

இதுல பாஸ் இருக்குறப்பவே கார்னவாலேக்குப் போய் அரை நாள் செலவு பண்றவங்களும் உண்டு. மியூசியம் நல்லாத்தான் இருக்கும், ஆனா பாஸ் மணி அங்க கரையக் கூடாது, சனிக்கிழமைக்குத் தள்ளி வைங்க. மாசத்தோட முதல் ஞாயிறு உங்க பயணத்துல வந்தா ஓர்சேவும் ஒராஞ்செரியும் அன்னைக்கு எல்லாருக்கும் இலவசம், ஆனா அதுக்கும் சைட்ல நேரம் போட்டு வச்சிருக்கணும். அப்படி ஒரு ஞாயிறு கிடைக்கிறவங்க ரெண்டாவது படிக்குத் திரும்பிப் போய் ஓர்சேயை லிஸ்ட்லேந்து எடுத்துட்டுப் பாஸ் கணக்கை இன்னொரு தடவை போடணும்.